வீட்டில் சும்மா கிடக்கும் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். மகன் அனிமேஷன் படித்தபோது வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ரைசன் 5, 32 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு. அவன் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டான். நான் அதில் யூடியூப் பார்க்கிறேன், பழைய மாணவர்கள் மெயிலுக்குப் பதில் போடுகிறேன். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு இது ஒரு வேலையே இல்லை.

மக்கள் வீட்டில் சும்மா இருக்கும் கணினிகளை வைத்து வேற்றுக்கிரக சிக்னல் தேடும் செட்டி@ஹோம் பற்றி வகுப்பில் நிறையச் சொல்லியிருக்கிறேன். 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அதைக் கேட்டாலே கண் விரியும். 2020 மார்ச்சோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று இப்போதுதான் படித்தேன். அப்படியென்றால் இன்று எதற்குக் கொடுக்கலாம்? எனக்கு நட்சத்திரங்களும் பிடிக்கும், மழையும் பிடிக்கும். மருத்துவம் என்றாலும் சரி.

என் கவலைகள் இவை. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? (ஏசி கிடையாது, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டை ஒட்டி வரும்.) நடுவில் கரண்ட் போனால் செய்த கணக்கு வீணா? இரவெல்லாம் ஓடினால் மெஷின் கெட்டுப் போகாதா? முக்கியமாக, என் ஒரு கணினியால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா, அல்லது மனத்திருப்திதானா?

ஈரோடு சர்வீஸ்:

வணக்கம் டீச்சர். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக் கணினிகளை வைத்து விண்வெளித் தரவை அலசும் ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டத்துக்குக் கடையில் ஒரு மெஷின் பல வருடமாக ஓடுகிறது. பழுது பார்த்த மெஷின்களைச் சோதிப்பதற்கும் இதையேதான் ஓட்டுகிறேன். சும்மா ஒரு டெஸ்ட் புரோகிராமைப் போட்டு சிபியுவைச் சூடாக்குவதை விட, அந்தச் சூட்டில் ஒரு பல்சரை (வேகமாகச் சுழன்று துடிப்பு துடிப்பாக சிக்னல் அனுப்பும் இறந்த நட்சத்திரம்) தேடினால் நல்லதுதானே.

பயன் உண்டா என்ற கேள்விக்கே முதலில் வருகிறேன். 2010-இல் நடந்தது இது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் ஒரு தம்பதியின் கணினி, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவரின் கணினி. இரண்டும் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்து வைத்திருந்த தரவின் ஒரே துண்டைத் தனித்தனியாக அலசின. இரண்டிலும் ஒரே சிக்னல் கிடைத்தது. நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு பல்சர். பி.எஸ்.ஆர். ஜே2007+2722 என்று பெயர். சயின்ஸ் இதழில் கட்டுரையாக வந்தது, அந்தத் தன்னார்வலர்களுக்கும் அதில் உரிய இடம் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் வானியல் படித்தவர்கள் இல்லை.

ஒரே துண்டு ஏன் இரண்டு பேருக்குப் போனது? முன்பின் தெரியாதவர் வீட்டுக் கணினியை எந்த விஞ்ஞானியும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார். ஓவர்கிளாக் செய்த (வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றிய) மெஷின் இருக்கும், ராம் பழுதான மெஷின் இருக்கும். அதனால் ஒரே கணக்கை இரண்டு இடத்துக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது ஆளுக்குப் போகும். ராம் தவறு செய்கிறது என்பதை, ஒத்துப்போகாத விடைகளின் பட்டியலைப் பார்த்தே நான் கண்டுபிடித்த மெஷின்கள் உண்டு.

இப்போது ஐன்ஸ்டைன்@ஹோமில் தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கித் தரவு, ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கதிர்த் தரவு, அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்தின் ஈர்ப்பலைத் தரவு மூன்றையும் அலசுகிறார்கள். இயற்பியல் டீச்சருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து கரண்ட். இதில் விளம்பரத்தை நம்பக் கூடாது. "சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுங்கள்" என்பது 1999-க்குச் சரி. அன்றைய சிபியு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இழுக்கும். இன்றைய சிபியு வேலை இல்லாதபோது நன்றாக அடங்கிவிடும், வேலை கொடுத்தால் முழுசாக இழுக்கும். அதுவும் நீங்கள் இரவில் அணைத்து வைக்கும் மெஷின் என்றால் இழுப்பது மொத்தமும் புதுச் செலவுதான்.

உங்கள் மாதிரி மெஷினில் சிபியு மட்டும் ஓடினால் பிளக்கில் சுமார் 120 வாட் காட்டும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் 250 பக்கம் போகும். இரவு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிபியு மட்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. கார்டோடு சேர்த்தால் 120. நீங்கள் 400-இல் இருக்கிறீர்கள். 60 கூடினால் பரவாயில்லை. 120 கூடினால் 500-ஐத் தாண்டிவிடும், அங்கேதான் அடி. நம் ஊர்க் கணக்கில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் விகிதம் சேர்ந்து ஏறும். ஆகவே 500-க்குக் கொஞ்சம் கீழேயே நிற்பதை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்கும் தேதியை காலண்டரில் குறித்து, பாதியில் ஒருமுறை மீட்டரைப் பார்த்தால் போதும்.

கிராஃபிக்ஸ் கார்டையும் ஓட்ட ஆசை என்றால் அதன் பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய கரண்டின் உச்ச அளவை) 65, 70 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் கரண்டும் நன்றாகவே குறையும். மணி நேரத்தையும் ஐந்தாகக் குறையுங்கள்.

கரண்ட் போவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பாய்ங்க் என்ற மென்பொருள் மூலமாகத்தான் இது ஓடும். கணக்கு நடக்கும்போதே, அதுவரை முடிந்ததை அவ்வப்போது செக்பாயின்டாக எழுதி வைக்கும். கரண்ட் வந்ததும் கடைசி செக்பாயின்டிலிருந்து தொடரும். போவது சில நிமிட வேலைதான்.

மெஷின் கெடுமா? தூசி இருந்தால் கெடும். ஆரம்பிப்பதற்கு முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிபியு ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படிந்திருக்கும். மேலே ஃபேன் நன்றாகச் சுற்றுவது போலவே தெரியும், காற்று மட்டும் கீழே இறங்காது. ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தால் சிபியுவின் சூட்டை மேலே இருக்கும் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் கேபினட்டை மர அலமாரிக்குள் வைக்காதீர்கள். சிபியு சூடு 75 டிகிரிக்குள் நின்றால் நிம்மதியாக ஓடும். பாய்ங்க்கில் "சிபியுக்களில் இத்தனை சதவீதம்" என்று ஒரு இடம் இருக்கும். அதில் 50 போடுங்கள், சிபியுவுக்குள் இருக்கும் கணக்குப் பகுதிகளில் (கோர்கள்) பாதிதான் வேலை செய்யும், சத்தமும் அடங்கும்.

பொள்ளாச்சி ரவுண்டானா:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அந்தக் கரண்ட் காசை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால் என்ன? பெரிய கணினி மையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் வீட்டு மெஷினை விட அதிகக் கணக்கு நடக்கும். அதோடு ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டது. புரதத்தின் வடிவத்தை அதுவே சொல்லிவிடுகிறது. இனி வீட்டுக் கணினிகளில் புரதங்களை ஆராயும் ஃபோல்டிங்@ஹோம் எதற்கு என்று உண்மையாகவே கேட்கிறேன்.

ஈரோடு சர்வீஸ்:

நியாயமான கேள்வி சார். பத்து வருடப் பழைய மெஷினை இதற்காகவே எழுப்பி ஓட்டுவது வீண் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கடைக்கு அப்படிக் கேட்டு வருபவர்களை நானே தடுத்துவிடுவேன்.

ஆனால் நன்கொடையும் கணினி நேரமும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. சூப்பர் கணினியில் நேரம் கேட்டு வரிசையில் நிற்கும் விஞ்ஞானிகள் நிறையப் பேர். பல்சர் தேடல் போன்ற வேலைக்கு ஆயிரம் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு துண்டும் தனித்தனி. அதனால்தான் வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. பெரிய மையத்தின் விலை உயர்ந்த இடத்தை இதற்குச் செலவழிக்காமல், தவிர்க்கவே முடியாத வேலைக்கு அதை விட்டுவைக்கலாம்.

ஆல்ஃபாஃபோல்டு பற்றி. அது தருவது நின்ற கோலம். ஃபோல்டிங்@ஹோம் பார்ப்பது அசைவை. புரதம் உடம்புக்குள் ஒரே நிலையில் நிற்காது, திறக்கும், மூடும், நெளியும். மருந்து போய் ஒட்டக்கூடிய பள்ளம் சில சமயம் அப்படி நெளியும் ஒரு கணத்தில்தான் திறக்கும். 2020-இல் கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் எப்படித் திறக்கிறது என்பதை இப்படித்தான் பார்த்தார்கள். அந்த ஏப்ரலில் தங்கள் வேகம் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளின் மொத்த வேகத்தையும் தாண்டிவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்புதான், வந்து குவிந்த ஆட்களுக்குக் கொடுக்க வேலை போதாமல் சர்வர்கள் திணறின. எத்தனை மெஷின்கள் காத்திருந்தன என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

மழைமானி:

டீச்சர் மழை என்றதால் வந்தேன். வீட்டுக் கணினிகளில் காலநிலையைக் கணக்கிடும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிளைமேட்பிரடிக்ஷன்.நெட் திட்டம் 2003-இலிருந்து நடக்கிறது. அதன் ஒரு பிரிவு வெதர்@ஹோம். அதில் செய்வது இதுதான். ஒரே காலநிலை மாதிரியைத் தொடக்கத்தில் இம்மியளவு மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவார்கள். பாதி ஓட்டங்களில் இன்றைய உலகம், மீதியில் மனிதன் புகை விடாமல் இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த உலகம். இரண்டிலும் குறிப்பிட்ட அளவு மழை எத்தனை முறை பெய்தது என்று எண்ணுவார்கள். ஒரு மழையை இருமுறை பெய்யவைக்க முடியாது, கணினிக்குள் ஆயிரம் முறை பெய்யவைக்கலாம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும் ஆக்ஸ்போர்டுக் குழுவைச் சேர்ந்தவர்கள், டில்லி ஐஐடி ஆய்வாளர் ஒருவர், நெதர்லாந்து ஆய்வாளர் ஒருவர் எல்லோரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. புவி வெப்பமாதலின் தாக்கம் அந்த ஒரு நாள் மழையில் தென்படவில்லை என்று எழுதினார்கள். காற்றில் உள்ள தூசும் புகையும் வெப்ப வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். எல்லோரும் எதிர்பார்த்த பதில் அது இல்லை. "ஆம்" என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! ஆயிரக்கணக்கான ஓட்டங்களைப் பார்த்துவிட்டு "தென்படவில்லை" என்று எழுதியதால்தான் அவர்கள் அடுத்த முறை "ஆம்" என்று சொல்லும்போது நான் நம்புவேன்.

ஒரு எச்சரிக்கை. இதில் ஒரு வேலை முடிய நாள்கணக்கில் ஆகும், வேலையும் விட்டு விட்டுத்தான் வரும். சிபியு மட்டும் போதும், கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாது. ஐன்ஸ்டைனோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், இது வராத நாளில் அது ஓடட்டும்.

திண்டுக்கல் டீச்சர்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சென்னை விஷயம் மனதில் நிற்கிறது. வகுப்பில் இருந்திருந்தால் நாளைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

இன்று பக்கத்துத் தெருப் பையனை வைத்து கேபினட்டைத் திறந்தேன். ஈரோடு தம்பி சொன்ன பஞ்சு அப்படியே இருந்தது. தெர்மல் பேஸ்ட் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஐன்ஸ்டைன், கிளைமேட் இரண்டிலும் சேரப் போகிறேன். இரவு 11 முதல் காலை 5 வரை, சிபியு மட்டும், பாதி கோர். சித்திரை, வைகாசியில் நிறுத்திவிடலாமா? அது அவர்களுக்கு இடைஞ்சலா?

இன்னொன்று. நான் வேலை பார்த்த பள்ளியின் லேபில் கணினிகள் மாலையில் சும்மா இருக்கும். அங்கே இருக்கும் சார் என் மாணவர்தான். அவரிடம் சொல்லி அவற்றிலும் போட்டுவிடலாமா?

ஈரோடு சர்வீஸ்:

கோடையில் தாராளமாக நிறுத்தலாம் டீச்சர். திடீரென்று அணைக்காமல், சில நாள் முன்பே "புது வேலை வேண்டாம்" என்ற பட்டனை அழுத்திவிடுங்கள். கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு அதுவே அமைதியாகிவிடும். கெடு தாண்டினாலும் பெரிய பாதகம் இல்லை, அந்தத் துண்டு வேறொருவருக்குப் போகும். அவர்களுக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

கணக்குத் தொடங்கும்போது கொடுக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி பட்டியலில் வரும். சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் வையுங்கள். பாய்ங்க்கைப் பெர்க்லியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

பள்ளி லேபில் வாய்ச்சொல்லை நம்பிப் போடாதீர்கள். அது அரசின் மெஷின், அரசின் கரண்ட். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரிக் கணினி நிர்வாகி இதே மாதிரி ஒரு மென்பொருளைக் கல்லூரி மெஷின்களில் போட்டதற்காகக் கிரிமினல் வழக்கு வரை போனது. நல்ல எண்ணத்தில் செய்தது என்பது அங்கே செல்லவில்லை. உங்கள் மாணவருக்கு வேலையில் சிக்கல் வந்தால் உங்களுக்கும் தாங்காது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை மெஷின், எத்தனை மணி நேரம், இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டே கொடுங்கள். மெஷின் மாடலை இங்கே எழுதினால் அந்தக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.