இன்டர்ன் சூப்பர்விஷன்: ராத்திரி உக்காந்து ரிப்போர்ட் திருத்துறதுதான் டிரெய்னிங்கா?

நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியால ஒரு பெரிய சிட்டியோட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் (படிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்களை டெஸ்ட் பண்ணி என்ன உதவி வேணும்னு சொல்ற வேலை), இது எனக்கு 7வது வருஷம். இந்த வருஷம் முதல் தடவையா ஒரு இன்டர்னை, அதாவது இதே வேலைக்குப் படிச்சிட்டு இருக்கற பயிற்சி மாணவியை, என்கிட்ட விட்டிருக்காங்க. ஆகஸ்ட்ல வந்தாங்க, படிப்புல கெட்டி, விஸ்க் மாதிரி ஐக்யூ டெஸ்ட் எல்லாம் விதிப்படி சுத்தமா எடுக்கறாங்க, மரியாதையான பொண்ணு. அவங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது.

விஷயம் என்னன்னா, பக்கத்து ஸ்கூல்ல சைக்காலஜிஸ்ட் போஸ்ட் போன மார்ச்ல இருந்தே காலி, ஆள் கிடைக்கல. செப்டம்பர் ரெண்டாவது வாரம் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துச்சு, வாரத்துல மூணு நாள் இன்டர்ன் அந்த ஸ்கூலைப் பாத்துக்கட்டும், நீங்க மேற்பார்வை பண்ணுங்கன்னு. அன்னைக்கே அவங்க கையில 14 கேஸ். நம்ம ஊர்ல கணக்கு உங்களுக்கே தெரியும், பேரன்ட் கையெழுத்து வந்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள டெஸ்ட் முடிச்சு, ரிப்போர்ட் எழுதி, ஐஈபி மீட்டிங்கும் (அந்தக் குழந்தைக்குன்னு தனிக் கல்வித் திட்டம் போட பேரன்ட்டோட உக்காந்து பேசறது) வெச்சாகணும். அவங்க ஒரு பக்கம் ஓடறாங்க, நான் என்னோட ரெண்டு ஸ்கூல்ல ஓடறேன், பார்க்கிங் லாட்ல நின்னு போன்ல பேசறதுதான் எங்க சூப்பர்விஷன். ராத்திரி 10 மணிக்கு ரிப்போர்ட் அனுப்புவாங்க, நான் 12 மணி வரைக்கும் உக்காந்து பாதியை மாத்தி எழுதிட்டு கையெழுத்து போடுவேன்.

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஐஈபி மீட்டிங். ரெண்டாம் கிளாஸ் பையன், வாசிக்க வரல. அவங்க அம்மா ஹோட்டல்ல ரூம் கிளீன் பண்ற வேலை, யூனிஃபார்மோடயே வந்திருந்தாங்க. ஸ்பானிஷ் இன்டர்ப்ரெட்டர் பக்கத்துல. இன்டர்ன் முதல் பக்கத்துல இருந்து வரிசையா வாசிக்க ஆரம்பிச்சாங்க, ப்ராசஸிங் ஸ்பீட் 82, 12வது பெர்சென்டைல், அப்படியே 20 நிமிஷம். அந்த அம்மா கையில இருந்த காகிதத்தை நாலா மடிச்சு, பிரிச்சு, திரும்ப மடிச்சுட்டே இருந்தாங்க. எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அவனுக்கு வாசிக்க வந்துடுமா?"

இன்டர்ன் என் முகத்தைப் பாத்தாங்க. நான் பதில் சொல்லிட்டேன். நல்ல பதில்தான். ஆனா வெளிய வந்ததும் அந்தப் பொண்ணு கார் கதவைத் திறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காராம நின்னுட்டு இருந்தது, "அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியும்க்கா, வாய் வரல"ன்னு சொன்னது. அந்த ரிப்போர்ட்டை மூணு மணி நேரம் திருத்தினவ நான். அதை ஒரு அம்மாகிட்ட எப்படிப் பேசறதுன்னு மூணு நிமிஷம் கூட அவங்களோட உக்காந்து பேசல.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சூப்பர்விஷன்னு காகிதத்துல இருக்கே, அதை எப்படிக் காப்பாத்தறீங்க? அந்த ரெண்டு மணி நேரத்துல என்னதான் பண்றீங்க? ஆபீஸ்கிட்ட எப்படிப் பேசறது?

---

பழைய_பென்சில் எழுதியது:

வணக்கம்மா. 19 வருஷமா இந்த வேலை, இதுவரைக்கும் 11 இன்டர்ன் என்கிட்ட இருந்து போயிருக்காங்க. உங்க போஸ்ட்டை ரெண்டு தடவை படிச்சேன், அந்த அம்மா காகிதத்தை மடிச்சது மனசுல நிக்குது.

முதல்ல ஆபீஸ் விஷயம். இன்டர்ன்ஷிப்னா நாஸ்ப் (அமெரிக்க ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்டுகளோட சங்கம்) விதிப்படி குறைஞ்சது 1200 மணி நேரம், அதுல 600 ஸ்கூல்ல இருக்கணும், ஃபுல்டைம் இன்டர்னுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது சூப்பர்விஷன் கிடைக்கணும். இதையெல்லாம் உங்க டிஸ்ட்ரிக்ட்டும் அந்த யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு ஒப்பந்தமா எழுதி கையெழுத்து போட்டிருப்பாங்க. அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்க. காலி போஸ்ட்டை அடைக்கறதுக்கு இன்டர்னை அனுப்பறது பெரிய ஊர் எல்லாத்துலயும் நடக்கற ஒண்ணு, ஒரு சைக்காலஜிஸ்ட்டுக்கு 500 பிள்ளைங்கன்னு நாஸ்ப் சொல்லுது, நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு வாய்ச்சிருக்கு சொல்லுங்க. அதனால ஆபீஸ்ல இருக்கறவங்களைக் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க கண்ணுக்கு 60 நாள் கெடு மட்டும்தான் தெரியும். ஆனா நீங்க தனியா போய் "வேலை ஜாஸ்தி"ன்னு சொன்னா எடுபடாது. யுனிவர்சிட்டி கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணி நிலைமையைச் சொல்லுங்க, அவங்களை விட்டு மெயில் போடச் சொல்லுங்க. நாலு வாரத்துக்கு மணி நேரக் கணக்கை எழுதி வெச்சு கூடவே கொடுங்க. ஒரு வருஷம் நான் இப்படித்தான் செஞ்சு என் இன்டர்னை ஒரு ஸ்கூலுக்குத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

அடுத்தது, ரிப்போர்ட்டை நீங்க மாத்தி எழுதறதை இன்னைக்கே நிறுத்துங்கம்மா. அதுல அந்தப் பொண்ணு கத்துக்கறது ஒண்ணுதான், அக்கா எப்படியும் சரி பண்ணிடுவாங்கன்னு. ஒரு ரிப்போர்ட்டுக்கு மூணே மூணு கமெண்ட் போடுங்க, அவங்களே திருத்திட்டு வரட்டும். கையெழுத்து போட முடியாத அளவுக்குத் தப்பு இருந்தா பகல்ல பக்கத்துல உக்கார வெச்சு அவங்க கையாலயே மாத்த வைங்க. நான் இன்னொண்ணும் செய்வேன், ஸ்கோர் எதையும் எழுதறதுக்கு முன்னாடி "இந்தக் குழந்தையோட அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியது என்ன"ன்னு ரெண்டு வரி எழுதச் சொல்வேன். அந்த ரெண்டு வரி வராம எந்த ரிப்போர்ட்டையும் நான் கையில வாங்கறதில்ல.

மூணாவதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கூட உக்காந்து பாக்கறது. சில வருஷம் முன்னாடி எனக்கு ஒரு இன்டர்ன், உங்க பொண்ணு மாதிரியே தப்பே இல்லாம டெஸ்ட் எடுப்பாங்க. ஒருநாள் ரூம் மூலையில ஒரு சின்ன நாற்காலி போட்டு உக்காந்தேன். மூணாம் கிளாஸ் பையன். ஸ்டாப்வாட்ச் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் கையை இழுத்து உள்ளங்கையில பொத்திக்கிட்டு ஒரு தடவை கதவைப் பாக்கறான், அப்புறம்தான் வேலையைத் தொடறான். இன்டர்னோட கண்ணு ரெக்கார்ட் ஃபார்ம்ல. முடிச்சிட்டு கேட்டேன், "அவன் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" பதில் இல்ல. நான் விளக்கம் எதுவும் சொல்லல, அடுத்த செஷன்ல நீங்களே பாருங்கன்னு மட்டும் சொன்னேன். பாத்தாங்க, அவனோட பேசினாங்க, டீச்சர்கிட்டயும் பேசினாங்க. கிளாஸ்ல டைமர் வெச்சு கணக்கு போடுவாங்களாம், முடிக்காதவங்க இடைவேளையில வெளிய போகக் கூடாதாம், இவன் மாசக்கணக்கா வெளிய போகவே இல்ல. நேரம் பாக்கற டெஸ்ட்ல மட்டும் ஸ்கோர் ஏன் அப்படி இறங்குச்சுன்னு ரிப்போர்ட்ல அவங்களே எழுதினாங்க. நான் எத்தனை ராத்திரி திருத்தியிருந்தாலும் அந்த வரியை எழுதியிருக்க முடியாது, ஏன்னா பையனைப் பாக்காம அந்த வரி வராது.

ஜானின் பெர்னார்ட் 1979ல சொன்ன ஒரு மாடல் இருக்கு, சூப்பர்வைசருக்கு மூணு வேஷம்: டீச்சர், கவுன்சலர், கன்சல்டன்ட். ஆகஸ்ட்ல டீச்சரா நிறைய இருப்போம், ஏப்ரல்ல பெரும்பாலும் கன்சல்டன்ட். ஆனா கார் கதவைப் பிடிச்சுட்டு நின்னுச்சே, அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு வேண்டியது பாடம் இல்ல. வாய் வராம போனப்ப உள்ள என்ன ஓடிச்சுன்னு கேட்டிருந்தா போதும். இன்னும் நேரம் போயிடல, இப்பவும் கேளுங்க.

ஒண்ணு மறந்துட்டேன். வெளி மாநிலத்துல படிச்சிட்டு வந்த இன்டர்னா இருந்தா லாரி பி கேஸ் பத்தி ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க. சான் ஃபிரான்சிஸ்கோல கறுப்பினப் பிள்ளைங்களை ஐக்யூ டெஸ்ட்டைக் காட்டி தனி வகுப்புல கொண்டு போய்ப் போட்டதை எதிர்த்து 1971ல போட்ட வழக்கு, 1979ல நீதிபதி பெக்கம் பெத்தவங்க பக்கம் தீர்ப்பு சொன்னாரு. அதுக்கும் முன்னாடி, 1970லயே டயானா கேஸ், ஸ்பானிஷ் பேசற பிள்ளைங்களை இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ணின விவகாரம். நாம கையில எடுத்துட்டுப் போற அந்த டெஸ்ட் பெட்டி யார் யாருக்கு என்ன பண்ணியிருக்குன்னு தெரிஞ்சவங்கதான் ஸ்கோரை ஜாக்கிரதையா சொல்வாங்க.

---

மழைநேரம் எழுதியது:

நான் போன ஜூன்லதான் இன்டர்ன்ஷிப் முடிச்சேன், நானும் கலிஃபோர்னியாதான், வேற டிஸ்ட்ரிக்ட். அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்து சொல்றேன் அக்கா.

எனக்கு மூணு ஸ்கூல் கொடுத்தாங்க. ஒண்ணுல டெஸ்டிங் ரூம்னு கொடுத்தது ஜிம்முக்குப் பக்கத்துல பந்து அடுக்கி வெக்கற ரூம், செவுத்துல பந்து மோதற சத்தத்துலதான் குழந்தை யோசிக்கணும். அதைச் சொன்னா குறை சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு ரெண்டு மாசம் நான் வாயே திறக்கல. இன்டர்னுக்கு எது கேக்கலாம், எது கேக்கக் கூடாதுன்னே தெரியாது, அதனால "ஏதாவது டவுட் இருக்கா"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும். என் சூப்பர்வைசர் அப்படிக் கேக்கவே மாட்டாங்க. வெள்ளிக்கிழமை உக்காந்ததும் முதல் கேள்வி, "இந்த வாரம் எந்தக் குழந்தையை நெனச்சு தூக்கம் வரல?" அதுக்கு மட்டும் எனக்கு எப்பவும் பதில் இருந்துச்சு.

இன்னொண்ணு, டிசம்பர்ல ஒரு ஆறாம் கிளாஸ் பிள்ளை ஆர்ட் டீச்சர்கிட்ட உயிரோட இருக்கப் பிடிக்கலன்னு சொல்லிட்டுது. கோர்ஸ்ல எல்லாம் படிச்சிருந்தேன், ஆனா அன்னைக்குக் கை நடுங்கிச்சு. போன் பண்ணின உடனே சூப்பர்வைசர் கிளம்பி வந்துட்டாங்க, அவங்க வர்ற வரைக்கும் நானும் கவுன்சலரும் பிள்ளை பக்கத்துலயே இருந்தோம், ஒரு நிமிஷம் தனியா விடல. வந்ததும் அவங்க கேள்வியை எடுத்துக்கல, என்னையே கேக்க விட்டாங்க, நான் விட்டுட்ட ஒண்ணு ரெண்டை மட்டும் கடைசில மெதுவா கேட்டாங்க. வீட்டுக்கு போன் பண்றது, அன்னைக்கே அம்மாவை வரவெச்சு பேசறது, எல்லாமே ரெண்டு பேரும் சேர்ந்துதான். எல்லாரும் போனதுக்கு அப்புறம் என்னோட 40 நிமிஷம் உக்காந்திருந்தாங்க. அந்த 40 நிமிஷம் இல்லன்னா ஜனவரில நான் வேலைக்குத் திரும்பி வந்திருப்பேனான்னு தெரியல.

அப்புறம் ஒரு தகவல், எனக்கே லேட்டாதான் தெரிஞ்சது. குழந்தைக்கு வீட்ல கொடுமை நடக்குதுன்னு சந்தேகம் வந்தா சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டா நம்ம கடமை முடிஞ்சிடாது. சந்தேகம் வந்தவங்களேதான் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கோ போலீசுக்கோ உடனே போன் பண்ணணும், கலிஃபோர்னியால 36 மணி நேரத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். இதை முதல் வாரமே இன்டர்னுக்குச் சொல்லிடுங்க.

---

ஸ்காபரோ_அன்ரி எழுதியது:

நான் சைக்கோலொஜிஸ்ற் இல்லைப் பிள்ளை, ரொறொன்ரோவில பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குத் தமிழ் மொழிபெயர்க்கப் போறனான். மொழிபெயர்க்கிறவையின்ரை பக்கத்தையும் ஒருக்கா சொல்ல வேணும் எண்டு நினைச்சன்.

புதுசா வாற பிள்ளையள் மொழிபெயர்க்கிற ஆளோட முதலே ஒரு பத்து நிமிசம் கதைக்கிறதில்லை. நேர கூட்டத்துக்குள்ளதான் சந்திக்கிறம். "பெர்சென்டைல்" எண்டு அவை சொல்லுவினம், நான் என்னெண்டு சொல்லுறது? கொஞ்சம் அசந்தா "வீதம்" எண்டு வந்திடும், தாய் தகப்பன் அதைக் கேட்டிட்டு 100க்கு 12 மாக்ஸ் எண்டு விளங்கி அழுதிடுவினம். ஒருக்கா ஒரு தகப்பன் மகனைப் பாத்து "பன்னிரண்டா எடுத்தனி" எண்டு அங்கையே கேட்டவர். இப்ப நான் கூட்டத்துக்கு முதலே சைக்கோலொஜிஸ்ற்மாரிட்டைச் சொல்லிப்போடுவன், "இந்த வயசுப் பிள்ளையள் நூறு பேரை வரிசையா நிப்பாட்டினா உங்கடை மகன் பின்னுக்கு இருந்து எண்ணினா பன்னிரண்டாவதா நிக்கிறார், முன்னுக்கு நிறையப் பேர் நிக்கினம், பின்னுக்கும் கொஞ்சப் பேர் இருக்கினம்" எண்டு நான் இப்பிடித்தான் சொல்லப் போறன், சரியோ எண்டு. உங்கடை இன்டர்னையும் அந்த ஸ்பானிஷ் ஆளோட முதலே இருந்து கதைக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு ரெண்டு வசனத்துக்கும் நிப்பாட்டவும் சொல்லுங்கோ, எங்கடை தலையிலயும் இடம் கொஞ்சம்தான்.

---

நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

யுனிவர்சிட்டி கோஆர்டினேட்டர் மெயில் போட்டுட்டாங்க. மூணு நாள் இப்ப ரெண்டு நாளாச்சு, 14 கேஸ்ல அஞ்சை ஆபீஸ் வேற ஆளுக்கு மாத்திட்டாங்க. முழுசா கிடைக்கல, ஆனா வியாழக்கிழமை 1:30ல இருந்து 3:30 வரைக்கும் எங்களுக்கு. பிரின்சிபால்கிட்ட நேர்ல போய் சொல்லிட்டேன், அவசரம்னா மட்டும்தான் கதவைத் தட்டணும்னு.

முதல் வியாழன் நான் அந்த அம்மாவா உக்காந்தேன், அவங்க எனக்கு ரிசல்ட் சொன்னாங்க. முதல் தடவை பதினேழு நிமிஷம். நாலாவது தடவை ரிப்போர்ட்டைக் கவுத்து வெச்சுட்டு பேசினாங்க, நாலு நிமிஷம்தான். "உங்க பையன் கதை கேட்டா எல்லாம் புரிஞ்சுக்கறான், நல்லா யோசிக்கறான். எழுத்தைப் பாத்து சத்தமா மாத்தற இடத்துலதான் சிக்கிக்கறான், அதுக்குச் சொல்லிக்கொடுக்க வழி இருக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. கார் கதவு விஷயத்தையும் கேட்டேன். அவங்க அம்மாவும் இதே மாதிரி ஒரு மேஜைல தம்பிக்காக உக்காந்திருக்காங்களாம், யாரும் புரியற மாதிரி சொல்லலையாம். ஆகஸ்ட்ல இருந்து என்கூட இருக்காங்க, எனக்கு இது தெரியாது.

வர்ற செவ்வாய்க்கிழமை வேற ஒரு மீட்டிங், இன்டர்ப்ரெட்டரை பத்து நிமிஷம் முன்னாடியே வரச் சொல்லியாச்சு, நன்றி அன்ரி. இந்தத் தடவை நான் மேஜையோட கடைசில உக்காரப் போறேன். ஒரே கேள்விதான், அவங்க நடுவுல நின்னுட்டா நான் உள்ள குதிக்காம எப்படி இருக்கறது?

---

பழைய_பென்சில் எழுதியது:

தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்கம்மா. பேசணும்னு தோணும்போதெல்லாம் ஒரு வாய் குடிங்க, அதுக்குள்ள அவங்களே தொடங்கிடுவாங்க. தப்பான தகவல் போனா மட்டும் வாய் திறங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்க வந்து எழுதுங்க, பாத்துட்டு இருப்பேன்.