தரம் 8 வாசிப்பு வகுப்புக்கு எதைத் தெரிவுசெய்வது?

கேள்வி (மட்டக்களப்பு ஆசிரியை): பாடநூற் கவிதையின் பொருளைப் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள், ஆனால், முன்பின் வாசித்திராத ஒரு சிறுகதையைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (அக்கரைப்பற்று): நம் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த நாட்டார் கவிகளிலிருந்து தொடங்குங்கள், ரீச்சர். சில அடிகள்தாம், ஆயினும், யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பதைச் சொற்களை மட்டும் கொண்டு பிள்ளைகளே ஊகித்து, தமக்குள் வாதிட்டு, மீண்டும் அடிகளுக்குத் திரும்பிச் சரிபார்க்க முடியும். பொருளை நீங்கள் முந்திச் சொல்லிவிட வேண்டாம். வாசிப்பைக் கொல்வது அதுதான்.

பதில் (காரைதீவு): 1892இல் இவ்வூரில் பிறந்த விபுலாநந்த அடிகளின் கவிதையொன்றையும் சேருங்கள். விளக்குமுன் இருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கேட்டவர்: நன்றி, சேர். கவிகளை அம்மம்மாமாரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். சிறுகதை அடுத்த தவணைக்கு.