கலைச்சொல்: சர்க்கரை புறப்படும் இடமும் சேரும் இடமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

செடிக்குள் சர்க்கரையைக் கொண்டுசெல்லும் திசுவான உரியத்தில், அதாவது புளோயத்தில், சர்க்கரை புறப்படும் இடத்துக்கும் (source) போய்ச் சேரும் இடத்துக்கும் (sink) தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகள்: மூலம் – தேக்கிடம், உற்பத்தியிடம் – சேமிப்பிடம். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

காழில், அதாவது நீரைக் கொண்டுசெல்லும் சைலத்தில், திசை மாறும் சிக்கல் இல்லை. வேரில் நுழைந்த நீரும் அதில் கரைந்த உப்புகளும் செத்துப்போன செல்களாலான குழாய் வழியே மேலே போகின்றன. இலையிலிருந்து நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே வேலையைச் செய்கிறது. உரியம் அப்படியல்ல. அதன் சல்லடைக் குழாய்ச் செல்களுக்கு உட்கரு இல்லாவிட்டாலும் உயிர் உண்டு. எர்ன்ஸ்ட் மியூன்ஷ் 1930-இல் தந்த விளக்கத்தின்படி, ஒரு முனையில் சுக்ரோஸ் என்ற சர்க்கரை ஏற ஏற, பக்கத்துக் காழிலிருந்து சவ்வூடு பரவலால் நீர் உள்ளே வந்து அழுத்தம் கூடுகிறது. மறுமுனையில் சுக்ரோஸ் எடுக்கப்பட, நீரும் வெளியேறி அழுத்தம் குறைகிறது. சாறு நகர்வது இந்த வேறுபாட்டால்தான். எந்தத் திசையில் என்பது, யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் பருக்கும்போது அது வாங்குகிற பக்கம். முளைவிடும்போது அதே கிழங்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைக்கு அனுப்பித் தான் சுருங்கிப்போகிறது. அப்போது அது எதையும் ‘உற்பத்தி’ செய்யவில்லை. வேர் நுனியோ வந்த சர்க்கரையைச் சுவாசத்துக்கும் வளர்ச்சிக்கும் உடனுக்குடன் செலவழித்துவிடுகிறது. அங்கே தேக்கமும் இல்லை, சேமிப்பும் இல்லை. ‘மூலம்’ இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லுக்கே வேர், கிழங்கு என்ற பொருள் உண்டு. பெரும்பாலான நேரம் வாங்குகிற உறுப்புக்கான பெயரைக் கொடுக்கிற பக்கத்துக்குச் சூட்டினால் மாணவர் பாடு திண்டாட்டம்தான். (மூல நோயை நான் இழுக்கவில்லை.)

உறுப்பைச் சுட்டாமல் இடத்தைச் சுட்டும் சொல்தான் வேண்டும். இளம் இலை ஒன்றே இதற்குப் போதிய சான்று. தளிராக இருக்கும்வரை அது மற்ற இலைகளிடமிருந்து சர்க்கரை வாங்குகிறது. விரியும்போது முதலில் நுனிப்பகுதி ஏற்றுமதிக்கு மாறுகிறது, அடிப்பகுதி பிறகுதான். நடுவில் சில நாள், ஒரே இலையின் நுனி கொடுக்க, அடி இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: கொடுப்பிடம், கொள்ளிடம். கொள்வினை கொடுப்பினை என்று நம் வழக்கிலேயே இருக்கும் இணை. இன்றைக்குக் கொடுத்தவர் நாளைக்குக் கொள்ளலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. கிளைச்சொற்களுக்கும் இடம் கொடுக்கிறது: ஒரு காய் எவ்வளவு வலுவாகச் சர்க்கரையை இழுக்கிறது என்பதைக் ‘கொள்வலு’ எனலாம். கொள்ளிடம் ஆற்றின் பெயராயிற்றே என்று கேட்பீர்கள். சரி, இலையைப் பற்றிய பத்தியில் ஆற்றை நினைத்து யாரும் குழம்பமாட்டார்கள். ‘ஈவிடம்’ என்றும் யோசித்தேன், வாய்விட்டுச் சொன்னால் ‘இவ்விடம்’ போலக் கேட்கிறது.

அப்புறம், சர்க்கரையை உரியத்துக்குள் சேர்க்கும் செயலுக்கு ‘ஏற்றம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். காழில் நீர் மேலேறுவதைச் ‘சாறேற்றம்’ என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம், இரண்டும் மோதும். ‘உட்சேர்ப்பு’, ‘வெளியெடுப்பு’ எப்படி இருக்கிறது? இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.