பனையேறிக் கெண்டையில் இரண்டு இனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்க வயல் வாய்க்காலில் மடை திறந்தால் பனையேறிக் கெண்டை ஏறி வரும். சிலது அகலமா, கருப்பா இருக்கு. சிலது ஒல்லியா, வெளிறி, வாலடியில் கரும்பொட்டோடு. ரெண்டும் வேற இனம்னு சித்தப்பா அடிச்சுச் சொல்றார். எனக்குச் சந்தேகம்தான். சினை பிடித்த மீனும் இளசும் இப்படி வேற வேறயாத் தெரியலாமே?

இந்த மீனுக்குப் பெயர்த் தகராறு பழசு. 1792-இல் ஜெர்மானியர் பிளோக் வைத்த அறிவியல் பெயர் ‘டெஸ்டுடினியஸ்’. நம்ம தரங்கம்பாடியில் இது பனையில் ஏறியதைப் பார்த்ததா எழுதிய டால்டார்ஃப், 1797-இல் ‘ஸ்காண்டென்ஸ்’னு வைத்தார். ரெண்டும் ஒரே மீன்தான்னு ஆனதும் முந்தின பெயர் நின்னுடுச்சு, அதுதான் விதி. (எனக்குப் பிந்தினதுதான் பிடிச்சிருக்கு.)

இப்ப என் கேள்வி: ரெண்டும் ஒரே இனமான்னு தெரிய, முதுகுத் துடுப்பு முள்ளையும் பக்கக்கோட்டு (உடம்பின் பக்கவாட்டில் ஓடுற கோடு) செதிலையும் எண்ணினால் போதுமா? எத்தனை மீனில் எண்ணணும்? மரபணுச் சோதனைக்குத் துடுப்புத் துண்டை எத்தனாலில் போட்டு வைக்கட்டுமா? நாகை மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவங்க இருந்தா பதில் போடுங்க. ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள் கமெண்டில்.