சிலந்தி வலையில் இருந்த பெருக்கல் குறி பாதியாகக் குறைந்துவிட்டது: காரணம் என்ன?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கும் கம்பி வேலிக்கும் இடையே மூன்று வாரங்களாக ஒரு சிலந்தி வலை கட்டி வாழ்கிறது. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். வயிற்றில் மஞ்சளும் பழுப்பும் மாறி மாறிப் பட்டைகளாக உள்ளன. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டி, வலையின் நடுவில் தலைகீழாக அமர்ந்திருக்கும். கால்களுக்கு நேராக வெள்ளை நூலால் நெளிநெளியாக நான்கு கீற்றுகள் இருந்தன. இன்று காலையில் இரண்டே உள்ளன. நேற்று வலையின் கீழ்ப்புறம் எட்டுக் கால்களுடன் வெளிறிய உடல் ஒன்று தொங்கியதையும் கண்டேன். சிலந்திக்கு நோயா? குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் வலையைக் கலைத்துவிடுமாறு என் மாமியார் சொல்கிறார்.

மறுமொழி

அம்மா, நீங்கள் விவரிப்பது கையெழுத்துச் சிலந்தி, அதிலும் பெண். நம் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் அர்கியோப் அனசுயா என்ற இனமாக இருக்கலாம். 1887-இல் தோரெல் என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டார். கீற்றுகள் குறைந்தது நோயின் அறிகுறி அன்று. இச்சிலந்தி பழைய வலையின் நூலைத் தின்றுவிட்டு அடிக்கடி வலையைப் புதுப்பிக்கும்; அப்போது ஒரு நாள் நான்கு கீற்றுகளையும், மறுநாள் இரண்டையோ ஒன்றையோ இடும், சில நாள்களில் ஒன்றுமே இடாது. அக்கீற்றுகள் புறஊதா ஒளியைப் பிரதிபலித்துப் பூச்சிகளைக் கவர்கின்றன என்றும், பறவைகள் வலையில் மோதாமல் தடுக்கின்றன என்றும் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. எனக்கு இரண்டாவது கருத்தைவிட முதலாவதில் நம்பிக்கை அதிகம்.

தொங்கிய உடலைக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் அது உரித்த தோல்.

கேட்டவர்

ஐயா, தொட்டுப் பார்த்தேன். வெங்காயச் சருகு போல வெறுமையாகவே இருந்தது. மனம் ஆறியது. ஆனால் வலையின் ஓரத்தில் பழுப்பு நிறச் சிறு சிலந்தி ஒன்று இரண்டு நாள்களாக அசையாமல் இருக்கிறது. அது குஞ்சா?

மறுமொழி

பெரும்பாலும் ஆணாக இருக்கும். பெண்ணின் அளவில் பாதிகூட இராது. பளிச்சென்ற பட்டைகளும் இல்லை. வலையின் ஓரத்தில் காத்திருந்து, நூலை அதிரச் செய்து தன் வரவை உணர்த்தியபடி நெருங்கும். இச்சிலந்திகளுக்குக் கண் பார்வை குறைவு, அதிர்வே எல்லாம். ஆகவே அறிவிக்காமல் வரும் ஆணைப் பெண் இரையாகவே கொள்ளக்கூடும். இணைந்த பிறகும் பல ஆண்கள் உயிர் தப்புவதில்லை.

வேறொருவரின் மறுமொழி

குழந்தைகளைப் பற்றிய கவலைக்கு ஒரு சொல். இச்சிலந்தி தானாக வந்து கடிப்பதில்லை. நாம் நெருங்கினால் வலையை வேகமாக ஆட்டும், அல்லது நூலைப் பிடித்துக் கீழே இறங்கி மறைந்துகொள்ளும். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். அப்போதும் ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிது நேர வலியோடு நின்றுவிடும். மாறாக, வெட்டுக்கிளியோ ஈயோ சிக்கியதும் முதலில் அகன்ற நூல் பட்டையால் சுற்றிக் கட்டி, அதன் பின்னரே கடிப்பதைக் குழந்தைகள் இரண்டடி தள்ளி நின்று பார்க்கட்டும். மாமியாரையும் உடன் அழைத்து அதைக் காட்டுங்கள்.

கேட்டவர்

வலையைக் கலைக்கவில்லை. குழந்தைகள் அருகே செல்லாதபடி செம்பருத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன்.