கரண்ட் போனபின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் டைரக்டரிகளைக் காணோம்

கேள்வி:
1 டிபி ஹார்ட் டிஸ்க், எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்). கரண்ட் போய் மெஷின் அணைந்தது. அடுத்த பூட்டில் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டச் சொன்னது. ‘-ஒய்’ (எல்லாக் கேள்விக்கும் ஆம்) கொடுத்து ஓட்டினேன். இப்போது ஹோமில் சில டைரக்டரிகள் இல்லை. டிஎஃப் (பார்ட்டிஷனில் நிரம்பிய மொத்த இடம்) 410 ஜிபி என்கிறது, டியூ (ஃபைல்களைத் தேடிக் கூட்டிய அளவு) 120 ஜிபிதான் காட்டுகிறது. எல்லாம் அழிந்துவிட்டதா? காரணம் என்ன?

பதில் 1:
அழியவில்லை என்றே தோன்றுகிறது. முதலில் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள், எதையும் எழுத வேண்டாம். பிறகு டியூவை சூடோ (அட்மின் உரிமை) போட்டு ஓட்டிப் பாருங்கள். எஃப்எஸ்சிகே மீட்டவற்றைப் போடும் டைரக்டரியான லாஸ்ட்+ஃபவுண்டின் அனுமதி 700 (ரூட் மட்டுமே திறக்கலாம்) என்பதால் சாதாரண யூசரின் டியூ அதைக் கணக்கில் சேர்க்காது.

எக்ஸ்ட்4-இல் பெயர் ஐநோடில் (ஒவ்வொரு ஃபைல், டைரக்டரியின் விவரங்களை வைக்கும் எண்ணிட்ட பதிவு) இருப்பதில்லை, மேல் டைரக்டரியின் பிளாக்கில்தான் இருக்கிறது. அந்த பிளாக் கெட்டால் உள்ளே இருந்தவை பெயரில்லாமல் அநாதையாகிவிடும். எஃப்எஸ்சிகே டைரக்டரிகளை மூன்றாம் பாஸிலும் (சோதனையின் கட்டம்) ஃபைல்களை நான்காம் பாஸிலும் #131073 என்பது போல ஐநோட் எண்ணைப் பெயராக வைத்து லாஸ்ட்+ஃபவுண்டில் சேர்க்கும். தொலைவது மேல்மட்டப் பெயர் மட்டுமே. அந்த டைரக்டரிக்குள் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பார்த்தாலே எது எது என்று தெரியும்.

பதில் 2:
காரணத்துக்கு வருவோம். கரண்ட் போனது மட்டுமே இதைச் செய்திருக்கக் கூடாது, ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இருப்பதே அதற்காகத்தான். எஃப்எஸ்டாபில் (மவுண்ட் அமைப்புகள் உள்ள ஃபைல்) ‘பேரியர்=0’ இருக்கிறதா பாருங்கள், அது எழுத்துகளை டிஸ்க்கில் வரிசையாக உறுதிசெய்வதை நிறுத்திவிடும். இருந்தால், டிஸ்க் கேஷிலேயே நின்றுபோன எழுத்துகள் ஜர்னலை ஏமாற்றியிருக்கும். இல்லையென்றால் பேட் செக்டர் (டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி). ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைச் சொல்வது) 5 (மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்), 199 (தரவு கடத்தும்போது வந்த பிழைகள்) மூன்றையும் சொல்லுங்கள். 199 ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
பேரியர் வரி இல்லை. 5-இல் 8, மற்ற இரண்டும் 0. சூடோ டியூ 408 ஜிபி காட்டுகிறது, லாஸ்ட்+ஃபவுண்டில் ஆறு டைரக்டரிகள். 197 பூஜ்ஜியம் என்றால் டிஸ்க் நல்லதுதானே?

பதில் 2:
அப்படி முடிவு செய்யாதீர்கள். படிக்க முடியாத பிளாக் வந்தால் எஃப்எஸ்சிகே “பிழையை விட்டுவிடவா? திரும்ப எழுதவா?” என்று கேட்கும். ‘-ஒய்’ இரண்டுக்கும் ஆம் என்றுவிடும். எழுதியதும் டிஸ்க் அந்த செக்டருக்குப் பதில் உபரி செக்டரை வைத்துக்கொள்ளக்கூடும். அப்போது 197 இறங்கும், 5 ஏறும். உங்கள் 8 அதோடு பொருந்துகிறது.

கெர்னல் லாகில் ஐ/ஓ எரர் வந்த செக்டர் எண்ணை எடுங்கள். பார்ட்டிஷன் தொடங்கும் செக்டரை அதிலிருந்து கழித்து 8-ஆல் வகுத்தால் 4 கேபி பிளாக் எண் வரும். டீபக்எஃப்எஸ்ஸில் (ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே பார்க்கும் கருவி) அந்த பிளாக் எண்ணை ஐசெக்குக்குக் கொடுத்தால் ஐநோட், அந்த ஐநோடை என்செக்குக்குக் கொடுத்தால் பாதை. அது ஹோம் டைரக்டரி என்று வந்தால் காரணம் உறுதி.

இதற்கெல்லாம் முன்பே டிடிரெஸ்க்யூவால் (கெட்ட டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை நகலெடுக்கும் கருவி) முழு டிஸ்க்கையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பெயர் மாற்றுவதையும் இனி எஃப்எஸ்சிகே ஓட்டுவதையும் நகலில் மட்டும் செய்யுங்கள்.