48 கால் ஐசியை மட்டும் கேமரா ஏற்க மறுக்கிறது: லீட் டேட்டாவில் என்ன கொடுப்பது?

குன்னூர்ப் பட்டறை:
வணக்கம். தேயிலை ஃபேக்டரிகளில் இலை வாட்டும் ட்ரஃபுக்கு ஃபேன் கட்டுப்பாட்டு போர்டு செய்து கொடுக்கிறோம். இதுவரை கையாலேயே சால்டர் வைத்தோம். இப்போது செகண்ட் ஹேண்டில் காம்பொனென்டை எடுத்துப் போர்டில் வைக்கும் ஒரு பிக் அண்ட் பிளேஸ் மெஷின் எடுத்திருக்கிறோம். மேனுவல் பாதிப் பக்கம் இல்லாமல்தான் வந்தது.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், 8 கால் எஸ்.ஓ.ஐ.சி எல்லாம் ஓடுகின்றன. பழைய போர்டில் இருக்கும் 32 கால் ஐசி, டி.க்யூ.எஃப்.பி-32 கூட ஓடுகிறது. புது போர்டின் எல்.க்யூ.எஃப்.பி-48 மைக்ரோகண்ட்ரோலர்தான் படுத்துகிறது. உறிஞ்சிப் பிடிக்கும் நாசில் எடுக்கிறது, கேமராவுக்கு மேல் ஒரு நொடி நிற்கிறது, 'லீட் எரர்' என்று ரிஜெக்ட் தட்டில் போட்டுவிடுகிறது. எப்போதாவது ஒன்று தப்பித்துப் போர்டில் உட்காரும்.

லீட் டேட்டாவில், அதாவது ஐசியின் கால் அளவுகளை மெஷினுக்குச் சொல்லும் என்ட்ரியில், நான் கொடுத்திருப்பது: உடல் 7 × 7 மி.மீ., கால் நுனியிலிருந்து எதிர் நுனி வரை 9 × 9, பக்கத்துக்கு 12 கால், பிட்ச் (ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம் வரை) 0.5, கால் அகலம் 0.37, கால் நீளம் 1.0. 32 கால் ஐசிக்கும் இதே 7, 9 அளவுதான் என்பதால் அந்த என்ட்ரியை காப்பி செய்து, எண்ணிக்கையையும் பிட்சையும் மட்டும் மாற்றினேன்.

இன்னொன்று. காலையில் மெஷினை ஆன் செய்ததும் சிறிது நேரத்துக்கு எல்லா காம்பொனென்டுமே ரிஜெக்ட் ஆகிறது. அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

ரீல்காரர்:
டாலரன்ஸை (எவ்வளவு விலகல் வரை மெஷின் ஏற்கலாம் என்ற எல்லையை) ஏற்றிவிடுங்க. எங்க மெஷினிலும் இதே தொல்லைதான். 0.3 கொடுத்தோம், அதோடு ரிஜெக்ட் நின்றது.

ஓசூர் லைன்:
ரீல்காரர் அண்ணா, 0.5 பிட்சில் 0.3 கொடுப்பது ஆபத்து. பிட்சில் பாதி 0.25. தேடும் எல்லை அதைத் தாண்டினால் முதல் கால் என்று நினைத்து மெஷின் பக்கத்துக் காலைப் பிடித்துவிடலாம். சீப்பின் மேல் சீப்பை ஒரு பல் தள்ளி வைத்த மாதிரி, எல்லாம் பொருந்தியது போலத் தெரியும், ஐசி 0.5 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும். வளைந்த காலையும் அதே எல்லை உள்ளே விட்டுவிடும். ரிஜெக்ட் நிற்கும், உண்மைதான். டெஸ்டிங் டேபிளில் ஆரம்பிக்கும்.

பட்டறை நண்பரே, கோளாறு அகலத்தில். 0.37 என்பது 0.8 பிட்ச் உள்ள 32 கால் ஐசியின் கால். 48 காலில் அது 0.17 முதல் 0.27 வரை, நடு அளவு 0.22. நீங்கள் கொடுத்த கணக்கில் இரண்டு கால்களுக்கு இடையே 0.13 மி.மீ. சந்துதான் மிஞ்சும். கேமரா பார்ப்பதோ 0.28. உடல் அளவு ஒன்றாக இருந்தால் காலும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது நீளம். டேட்டாஷீட் படத்தில் எல் என்றும் எல்1 என்றும் இரண்டு இருக்கும். எல்1 என்பது உடலின் ஓரத்திலிருந்து நுனி வரை, 1.0. எல் என்பது போர்டின் பேடில் (கால் சால்டர் ஆகும் உலோகப் பட்டையில்) படுக்கும் பாதம் மட்டும், 0.45 முதல் 0.75, நடு அளவு 0.6. எதைக் கொடுப்பது என்பது உங்கள் மெஷினின் வெளிச்சத்தைப் பொறுத்தது. திரையில் கருப்புப் பின்னணியில் கால்கள் வெள்ளையாக மின்னுகின்றனவா, அல்லது வெளிச்சத்தில் ஐசி முழுவதும் நிழலாகத் தெரிகிறதா?

குன்னூர்ப் பட்டறை:
வெள்ளையாக மின்னுகின்றன, அண்ணா. உடல் தெரியவே இல்லை.

ஓசூர் லைன்:
அப்படியானால் 0.6. கீழிருந்து வரும் வெளிச்சத்தைத் தட்டையான பாதம்தான் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். மேலே ஏறும் சாய்வு அதை வேறு பக்கம் தள்ளிவிடும். நீங்கள் 1.0 நீளத்துக்குக் கால் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள், மெஷின் பாதியை மட்டும் பார்த்துவிட்டுக் கால் உடைந்திருக்கிறது என்று முடிவு கட்டுகிறது. நிழல் படம் எடுக்கும் மெஷினாக இருந்தால் 1.0 சரியாகவே இருந்திருக்கும். 32 கால் என்ட்ரியிலும் நீளத்தைத் திருத்திவிடுங்கள். கால் தடிமனாக இருப்பதால் இன்றைக்குத் தப்பிக்கிறது, அவ்வளவுதான்.

டேட்டாஷீட்டில் குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்று பத்தி இருந்தால் நடு அளவைப் போடுங்கள். கூடுதல் குறைச்சலை டாலரன்ஸ் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு கணக்கு: முதல் காலின் மையத்திலிருந்து பன்னிரண்டாவது காலின் மையம் வரை 5.5 வர வேண்டும், 6.0 அல்ல. 12 காலுக்கு இடைவெளி 11தான்.

மெஷின் மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய மெஷின்களில் 0.5 மி.மீ. என்பதை 20 மில் என்று முழுசாக்கி வைத்திருப்பார்கள். 20 மில் 0.508 மி.மீ. 11 இடைவெளிக்கு 0.088 சேர்ந்துவிடும். 0.22 அகலக் காலுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கோத்தகிரி மேடு:
காலைக் கோளாறு வேறு. அது பனி. நம்ம ஊரில் ராத்திரி குளிர்ந்துபோன கேமராக் கண்ணாடியில், பட்டறை ஷட்டரைத் திறந்து ஈரக்காற்று உள்ளே வந்ததும் மெல்லிய ஆவி படியும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்க, பால் பூசிய மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பகல் முழுக்கவே இந்தக் கதைதான்.

நாங்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே மெஷினையும் கேமரா விளக்கையும் போட்டுவிடுவோம். கண்ணாடி சூடானதும் சரியாகிவிடும். துடைப்பதாக இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணி. வேட்டித் துண்டால் துடைத்துக் கீறல் போட்ட கண்ணாடிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் ஆவி பறக்கும் கெட்டிலும் வேண்டாம், டீ எவ்வளவு நல்ல டீயாக இருந்தாலும்.

முக்கியமாக, பனி படிந்த நேரத்தில் ரிஜெக்ட் ஆகிறதே என்று லீட் டேட்டாவில் கை வைக்காதீங்க. மதியத்துக்குள் திருத்தியதையெல்லாம் திரும்பத் திருத்த வேண்டியிருக்கும்.

ரீல்காரர்:
சரி, 0.3 அதிகம்தான். எங்களிடம் பெரும்பாலும் 1.27 பிட்ச், அதனால் வம்பு வரவில்லை போல. ஒரு சந்தேகம், சாட்-23 டிரான்சிஸ்டருக்குப் பிட்ச் 0.95 என்று போட்டிருக்கிறார்களே, அதையே கொடுக்கலாமா?

ஓசூர் லைன்:
வேண்டாம் அண்ணா. ஒரு பக்கம் 2 கால், அவற்றுக்கு இடையே 1.9. எதிர்ப் பக்கம் நடுவில் 1 கால். 0.95 கொடுத்தால் நடுவில் இல்லாத காலை மெஷின் தேடிக்கொண்டிருக்கும்.

குன்னூர்ப் பட்டறை:
அகலம் 0.22, நீளம் 0.6, டாலரன்ஸ் 0.1 என்று மாற்றினேன். வரிசையாக உட்காருகிறது, ரொம்ப நன்றி. மில் விவகாரம் எங்கள் மெஷினில் இல்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம், கோத்தகிரி அண்ணா சொன்ன பால் அப்படியே இருந்தது.

இரண்டு கேள்வி பாக்கி. ஒரு ஐசி 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருந்தது, கேமரா ஏன் கண்டுபிடிக்கவில்லை? ரிஜெக்ட் தட்டில் சேர்ந்திருக்கும் ஐசிகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா? விலை கொஞ்சநஞ்சமில்லை.

ஓசூர் லைன்:
நான்கு பக்கமும் 12 கால். எப்படித் திருப்பினாலும் கீழிருந்து பார்க்க ஒரே மாதிரிதான். முதல் காலைக் காட்டும் புள்ளி மேல் பக்கம் இருக்கிறது, கீழே இருக்கும் கேமராவுக்குத் தெரியாது. லீட் டேட்டாவை எவ்வளவு திருத்தினாலும் இது பிடிபடாது. ட்ரேயில் அடுக்குபவர் புள்ளியைப் பார்த்து வைக்க வேண்டும். ட்ரேயின் எந்த மூலை என்று மெஷின் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

தட்டில் விழுந்தவற்றை அப்படியே போடாதீர்கள். சமதளமான கண்ணாடி மேல் வைத்து, பக்கவாட்டில் லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடியால்) பாருங்கள். 0.5 பிட்ச் ஐசியில் கால்களின் உயர வித்தியாசம் 0.08 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேலே தூக்கிய காலை இந்தக் கேமரா பார்க்காது, அகல நீளம்தான் பார்க்கும். தூக்கியிருப்பதைக் கையால் வைத்து சால்டர் செய்யுங்கள்.

கோத்தகிரி மேடு:
அதோடு ஈரம். உறையில் ஈரப்பத நிலை 3 என்று போட்டிருந்தால், திறந்த பிறகு 168 மணி நேரம்தான், அதுவும் 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் உள்ளே இருக்கும் அறையில். நம்ம மழைக்காலத்தில் 60க்குக் கீழே எங்கே வருகிறது? தட்டில் பல நாள் கிடந்தவை என்றால் 125 டிகிரி ஓவனில் வைத்து ஈரத்தைப் போக்கிவிட்டு ரீஃப்ளோவுக்கு (சால்டரை உருக்கும் சூட்டுக்கு) விடுங்க. எத்தனை மணி நேரம் என்பது ஐசியின் தடிமனைப் பொறுத்து மாறும், உறை லேபிளைப் பாருங்க. ட்ரேயில் அச்சடித்திருக்கும் வெப்ப அளவையும் பார்த்துக்கொள்ளுங்க. டேப்பில் சுற்றியதை மட்டும் அந்தச் சூட்டில் வைக்காதீங்க, உருகிவிடும்.